பொது இடத்தில் நாய்: பிடித்திருப்பவரின் பொறுப்பு எதுவரை? லீஷ், மஸில், கடி

வாலாட்டி:

வணக்கம். கலப்பினம், ஆண், 2 வயது, 28 கிலோ. வீட்டுக்குள் பரமசாது, வருகிற ஆட்களிடமும் தொந்தரவு இல்லை. வெளியே கூட்டிப்போனால் மூன்றைக் கண்டால் மட்டும் பாய்கிறான்: ஓட்டப்பயிற்சி செய்பவர்கள், சைக்கிள், எதிரே வரும் நாய். இதுவரை யார் மீதும் பல் பட்டதில்லை. குரைத்துக்கொண்டே பாய்ந்து, லீஷ் (நாயைப் பிடிக்கும் கயிறு) இறுகியதும் பின்னங்கால்களில் எழுந்து நிற்பான். கையில் இருப்பது 5 மீட்டர் வரை நீளும் சுருள் லீஷ், கழுத்தில் சாதாரண நைலான் காலர். பூங்காவில் நடப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மஸில் (வாய்மூடி) போடச் சொல்கிறார்கள். வீட்டில் கேட்டால் அது கொடுமை என்கிறார்கள்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும், அதை விட்டுவிடலாம். நாய் வளர்ப்பவர் என்ற முறையில் என் பொறுப்பு எதுவரை? எந்த லீஷ், எந்த காலர்? பாய்வதை நிறுத்த எங்கிருந்து தொடங்குவது? மஸில் தேவையா? யாருக்காவது காயம் பட்டுவிட்டால் அந்த இடத்திலேயே என்ன செய்ய வேண்டும்? "நல்லா பழக்குங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் அளவு, வரிசை, நேரம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


கயிற்றுமுனை:

பல் படவில்லை என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். எதிரே வந்தவர் தன் வேகத்தையோ பாதையையோ மாற்ற வேண்டி வந்ததா என்று பாருங்கள். வந்தது என்றால் நாய் வாலை ஆட்டிக்கொண்டே போயிருந்தாலும் உங்கள் பக்கம் தவறிவிட்டது என்றுதான் பொருள். விலகிக் கொடுக்க வேண்டியவர் எப்போதும் லீஷைப் பிடித்திருப்பவர். மீதி எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

சுருள் லீஷை இன்றோடு ஓரங்கட்டுங்கள். 28 கிலோ நாய் ஓடி வேகம் பிடிக்க 5 மீட்டர் தாராளமாகப் போதும். முழு நீளமும் தீர்ந்து இழுபடும் நொடியில் கொக்கி கழலலாம், காலர் பிய்யலாம், உங்கள் தோள்பட்டை பிசகலாம். அந்த மெல்லிய கயிறு யாருடைய கெண்டைக்காலையாவது சுற்றினால் தோலை உரித்துவிடும்; விரல் சிக்கித் துண்டானதும் உண்டு. பிடியும் ஒரு பிரச்சினை. கைதவறி விழுந்தால் அந்த பிளாஸ்டிக் பெட்டி தரையில் தடதடத்தபடி நாயின் பின்னாலேயே வரும், பயந்த நாய் நிற்காமல் ஓடும். போதாக்குறைக்குக் கயிறு எந்நேரமும் லேசான இழுவையிலேயே இருப்பதால், இழுத்தால் இடம் கிடைக்கும் என்பதை நாய் தினமும் கற்றுக்கொள்கிறது.

வாங்க வேண்டியது 1.5 முதல் 2 மீட்டர் வரை நிலையான நீளமுள்ள, சுமார் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டை லீஷ். கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி விரல்களை மூடிக்கொள்ளுங்கள், மீதி நீளத்தை மடித்து அதே கையில் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டாம். நாய் பாய்ந்தால் விழுவது நீங்கள், முறிவது உங்கள் மணிக்கட்டு. உலோகச் சங்கிலியும் வேண்டாம். இழுபடும்போது கையால் பற்றிச் சுருக்க முடியாது.

பாய்கிற நாய்க்குக் காலர் மட்டும் போதாது. மூச்சுக்குழாய் அழுந்தி இருமல் வரும், அந்த வலியும் எதிரே வரும் சைக்கிளும் நாயின் மனதில் ஒன்றாக முடிச்சுப்போட்டுக்கொள்ளும். நெஞ்சுப்பக்கமும் முதுகுப்பக்கமும் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) எடுங்கள். முன்னிருந்து பார்த்தால் பட்டை ஆங்கில ஒய் எழுத்துப் போல நெஞ்செலும்பில் சேர வேண்டும். தோள்களுக்குக் குறுக்கே படுக்கைவாட்டில் ஓடும் பட்டை முன்னங்காலை நீட்ட விடாது. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. நெஞ்சு வளையத்தில் கொக்கியைப் போட்டால் நாய் பாயும்போது அதன் உடம்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும், வேகம் குறையும்.

பயந்து பின்வாங்கும் நாய் எந்த ஹார்னஸிலிருந்தும் தலையை உருவிக்கொள்ளும். அதற்குத்தான் ஹார்னஸ் வளையத்தையும் காலர் வளையத்தையும் இணைக்கும் ஒரு சிறு துண்டுப் பட்டை, இருமுனையிலும் கொக்கியோடு. ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். கழுத்தைவிடத் தலை குறுகலான இனங்களுக்கு, குறிப்பாக ஒல்லியான வேட்டை இனங்களுக்கு, இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்டிங்கேல் காலர். முள் காலர், ஷாக் காலர் பக்கம் போகாதீர்கள். குரைப்பது நிற்கலாம், அடியில் இருக்கும் பயம் வளரும். உறுமாமல் கொள்ளாமல் கடிக்கிற நாய் பல வீடுகளில் அப்படித்தான் உருவாகிறது.

பயிற்சிக்கு வருவோம். எந்தத் தூரத்தில் சைக்கிளைப் பார்த்தும் உங்கள் கையில் இருக்கும் தீனியை அவனால் வாங்கித் தின்ன முடிகிறதோ, அதுதான் உங்கள் தொடக்கக் கோடு. சில நாய்க்கு 15 மீட்டர், சில நாய்க்கு 50. தீனியை முகர்ந்தும் பார்க்கவில்லை என்றாலோ, பறித்துக்கொள்வது போலக் கையோடு கவ்வினாலோ கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், பின்னால் போங்கள்.

கோட்டுக்கு வெளியே நின்று செய்ய வேண்டியது ஒன்றுதான். சைக்கிள் கண்ணில் பட்டதும் தீனி, மறையும்வரை வரிசையாக ஒவ்வொரு துண்டாக. மறைந்ததும் தீனி நிற்க வேண்டும். துண்டு பட்டாணியில் பாதி போதும், ஆனால் வீட்டில் கிடைக்காத சுவையாக இருக்கட்டும். வேகவைத்த கோழி பெரும்பாலும் எடுபடும். வரிசைதான் உயிர்நாடி. தீனி முதலில் வந்து சைக்கிள் பிறகு வந்தால், தீனிப் பையைத் திறக்கும் சத்தமே "ஏதோ வரப்போகிறது" என்ற எச்சரிக்கையாகிவிடும். பலர் இதில்தான் கோட்டைவிட்டு, "தீனி முறை எங்க நாய்க்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஒரு அமர்வு 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சைக்கிளைக் கண்டதும் பாயாமல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பத்துக்கு எட்டு முறை அப்படி நடந்தால் 2 அல்லது 3 மீட்டர் நெருங்கலாம். ஒரு நாள் பாய்ந்துவிட்டால் மறுநாள் பழைய தூரத்துக்கும் அப்பால் போய்த் தொடங்குங்கள். ஓடுபவர், சைக்கிள், நாய் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். எதற்குக் குறைவாகப் பாய்கிறானோ அதிலிருந்து. சில வாரங்களில் மாற்றம் தெரியும், முழுதாக நிலைக்க மாதங்கள் ஆகும்.

ஒரே நடையில் அதிர்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் என்பதையும் மனதில் வையுங்கள். முதலில் பட்டாசு, அடுத்து ஒரு நாய், அதற்கடுத்து சாதாரணமாகப் பொருட்படுத்தாத ஒரு குழந்தை, மூன்றாவதில் வெடிப்பான். "குழந்தையைப் பார்த்துப் பாய்ந்தான்" என்பார்கள். காரணம் அரை மணி நேரத்துக்கு முன்னால் நடந்தது. அப்படிப்பட்ட நாளில் நடையை முடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள், மறுநாளும் அமைதியான பாதையே போதும்.


காலைஓட்டம்:

நான் ஓடுறவங்க பக்கமிருந்து சொல்றேன், நாயும் வளர்க்கிறேன். "ஒன்னும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க" இந்த வாக்கியத்தை நாய் வச்சிருக்கவங்க எல்லாரும் அகராதியிலிருந்தே எடுத்துடணும். எதிர்ல வர்றவருக்கு உங்க நாயைப் பத்தி எதுவும் தெரியாது. சின்ன வயசுல கடிபட்டவரா இருக்கலாம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவரா இருக்கலாம், இடுப்பு எலும்பு தேய்ஞ்சவரா இருக்கலாம். 28 கிலோ நாய் பாசமா மேல தாவினாலும் வயசானவருக்கு விழுந்தா எலும்பு முறிவுதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. நடுத்தர உடல்வாகுள்ள நாய் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடும், அதாவது நொடிக்கு 8 மீட்டருக்கு மேல. 20 மீட்டர் தள்ளி அவிழ்த்துவிட்ட நாய் என் காலடிக்கு வர மூணு நொடி. நீங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது காதுல விழுந்து, யோசிச்சுத் திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். அதனால "கூப்பிட்டா வந்துடும்"னு சொல்றவங்ககிட்ட நான் கேக்கறது ஒன்னுதான்: முயலோ பூனையோ ஓடும்போது, பாதி ஓட்டத்துல கூப்பிட்டா திரும்புதா? அதுவும் முதல் அழைப்புலயே? மூணாவது தடவைல வர்றது வர்ற கணக்கே கிடையாது. பொதுப் பாதைல லீஷ் கழட்டற பேச்சே வேண்டாம். வேலி போட்ட, நாய்க்குன்னே ஒதுக்கின இடம் இருந்தா மட்டும்.

லீஷ்ல இருந்தாலும் கடந்து போற முறை ஒன்னு இருக்கு. ஓடறவர் 15, 20 மீட்டர்ல தெரிஞ்சதுமே பாதை ஓரத்துக்குப் போயிடுங்க. நாய் வெளிப்பக்கம், நடுவுல உங்க உடம்பு, லீஷை நாய் நிக்கிற அளவுக்குச் சுருக்கிடுங்க. ஆனா இறுக்கிப் பிடிக்க வேண்டாம், இறுகினாலே நாய்க்கு ஏதோ ஆபத்துன்னு தோணும். பாதை 2 மீட்டருக்குக் குறைவா இருந்தா கடக்கவே கடக்காதீங்க, பக்கவாட்டுல இறங்கி நில்லுங்க, இல்லைன்னா திரும்பி நடங்க. திரும்பறதுக்குன்னு ஒரு வார்த்தையை ஆளில்லாத இடத்துல முன்னாடியே பழக்கி வைங்க. "இந்தப்பக்கம்"னு சொன்னதும் உங்களோட அரைவட்டம் அடிக்கணும், அடிச்சதும் தீனி. தேவைப்படற நேரத்துல முதல் தடவையா சொன்னா வேலைக்கு ஆகாது.

இன்னொன்னு. நாயைக் கொஞ்சணும்னு வர்றவங்களைத் தடுக்கிறதும் உங்க பொறுப்புதான். பசங்க ஓடி வந்தா நீங்க ரெண்டு அடி முன்னாடி வந்து நின்னு, கையை நீட்டி "கொஞ்சம் நில்லுங்க"ன்னு சொல்லணும். கூச்சப்படாதீங்க. தொட அனுமதிச்சாலும் மூணு நொடி, தோள் பக்கமா, நாயே முகர்ந்து நெருங்கின பிறகு. மூணு நொடி ஆனதும் கையை எடுக்கச் சொல்லுங்க. நாய் திரும்ப நெருங்கி வந்தா தொடரலாம், முகத்தைத் திருப்பினா போதும்னு அர்த்தம். தலைமேல தட்டறது, கட்டிப்பிடிக்கிறது, முகத்துக்கு நேரா குனியறது மூணும் கூடாது. குழந்தைங்களுக்கு முகத்துலயே கடி விழறதுக்குப் பெரும்பாலும் இதான் காரணம்.


மருந்துப்பெட்டி:

கால்நடை மருத்துவம் தொடர்பான பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வலி. வீட்டில் சாதுவாக இருந்து வெளியே மட்டும் பாயும் நாய்க்கு இடுப்பு மூட்டு, முழங்கால், காது, பல் நான்கையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். காதில் புண் உள்ள நாய் தன்னை நெருங்கும் எதையும் விரட்டப் பார்க்கும். அண்மையில்தான் பாய ஆரம்பித்தது என்றால் பயிற்சிக்கு முன்னால் பரிசோதனை. கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஊர் சுற்றுவதும் சிறுநீர் தெளிப்பதும் குறையும்; பயத்தினால் பாய்வதை அது சரிசெய்யும் என்று நம்பி அறுவைக்குப் போகாதீர்கள்.

மஸில் கொடுமையா என்பது எந்த மஸில் என்பதைப் பொறுத்தது. வாயை இறுகச் சுற்றும் துணி உறை மருத்துவமனையில் சில நிமிடங்களுக்கு மட்டும். நாய் உடல் சூட்டைத் தணிப்பது வாய் திறந்து மூச்சிரைத்துத்தான். துணி உறையோடு வெயிலில் நடக்கவைத்தால் வெப்பத்தாக்கு வரும். நடைக்கு ஏற்றது கூடை மஸில். அதைப் போட்டபடி நாய் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கம்பி இடைவெளியில் தீனி வாங்கலாம்.

அளவு எடுக்கும் முறை: கண்ணுக்குச் சற்றுக் கீழிருந்து மூக்கு நுனிவரை நீளம், அதோடு 1 சென்டிமீட்டர். சுற்றளவை நாய் மூச்சிரைக்கும்போது, வாய் திறந்த நிலையில், அகலமான இடத்தில் எடுங்கள். மூடிய வாயின் அளவை வைத்து வாங்கியது ஐந்து நிமிடத்தில் நாயைத் திணறடிக்கும். மேல் விளிம்பு கண்ணை உரசக் கூடாது. கழுத்துப் பட்டையைத் தவிர நெற்றி வழியாகப் போகும் பட்டையும் இருந்தால் முன்னங்காலால் தள்ளிக் கழற்ற முடியாது.

பழக்க ஒன்று முதல் மூன்று வாரம் வையுங்கள். முதல் சில நாள் கூடைக்குள் தீனியைப் போட்டு நீட்டுங்கள், தானே மூக்கை நுழைத்துத் தின்று எடுக்கட்டும், பட்டையைத் தொட வேண்டாம். அடுத்து மூக்கு உள்ளே இருக்கும் நேரத்தை 2 நொடி, 5, 10 என்று கூட்டுங்கள். அதன் பிறகு பட்டையைப் பூட்டி உடனே கழற்றுவது. பிறகு வீட்டுக்குள் 5 நிமிடம், கடைசியில்தான் வெளியே. எந்தக் கட்டத்திலாவது முன்னங்காலால் பிராண்டினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி கீழே இறங்குங்கள். பாயும் நாயைத் திடீரென்று பூட்டிக் கூட்டிப்போவதுதான் கொடுமை. மஸில் போட்டாயிற்றே என்று கூட்டத்துக்குள் கொண்டுபோவதும் தவறு. கூடை மஸிலோடு மோதினால் முழங்காலில் நல்ல அடி விழும்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: நீங்கள் சொன்ன நிலையில், நெருக்கமான இடத்துக்குப் போகும்போது மஸில் போடலாம், பழக்கியே வைத்திருக்க வேண்டும். விபத்தில் காயம்பட்ட நாய் எஜமானரையே கடிக்கும். அன்று மஸில் பழகிய நாய்க்கு முதலுதவி எளிது.

அறிகுறிகள். உறுமலுக்கு முன்னாலேயே பல வந்துவிடும்: உதட்டை நக்குதல், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், வாயை மூடிக்கொண்டு உடம்பு விறைத்தல். அந்த விறைப்பு ஒரு நொடிதான் இருக்கும், அதுவே கடைசி எச்சரிக்கையாகவும் இருக்கலாம். வால் ஆடுவதை நட்பு என்று எடுக்காதீர்கள். உயரத் தூக்கி விறைப்பாக, சிறு வீச்சில் வேகமாக ஆடும் வால் பதற்றம். உறுமினால் அடிக்காதீர்கள், தூரத்தைக் கூட்டுங்கள்.

கடி நடந்துவிட்டால். நாயை முதலில் கட்டுங்கள் அல்லது இன்னொருவரிடம் கொடுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும், கடிகாரம் பார்த்து. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமியின் வெளிப்புறம் கொழுப்பாலான உறை, சோப்பு அதைச் சிதைக்கும். ஊசிக்கு முன்னால் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான். பிறகு போவிடோன் அயோடின் கிருமிநாசினி. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். தையல் போடுவதா, எப்போது என்பது மருத்துவர் முடிவு.

தோலில் ரத்தம் வராத கீறலானாலும் தடுப்பூசித் தொடர் தேவை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ, திறந்த காயத்தில் எச்சில் பட்டாலோ அதோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசியும் சேரும். "எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று சொல்லி அவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் செய்யாதீர்கள். சான்றிதழைக் கொடுங்கள், முடிவை அங்கே எடுக்கட்டும். கையில் விழுந்த பல் துளை சிறிதாகத் தெரியும், உள்ளே ஆழம். ஒரே நாளில் வீங்கிச் சீழ் வைக்கலாம்.

கடித்த நாயை 10 நாள் தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும். நோய் முற்றி எச்சிலில் கிருமி வெளிவரத் தொடங்கினால் அந்த அவகாசத்துக்குள் நாயில் அறிகுறி தெரிந்துவிடும் என்பதே அந்தக் கணக்கு. அதற்குள் நாயை யாருக்கும் கொடுத்துவிடுவதோ, ஊருக்கு வெளியே விட்டுவிடுவதோ கடிபட்டவருக்குச் செய்யும் பெரிய துரோகம். அந்த 10 நாளில் நாய்க்குப் புதிதாக ரேபிஸ் ஊசியும் போடாதீர்கள், ஊசியால் வரும் சோர்வையும் நோய் அறிகுறியையும் பிரித்தறிய முடியாமல் போகும்.

நாய்க்கான ரேபிஸ் ஊசி பொதுவாக 12 வாரத்தில் முதல் தவணை, ஓராண்டுக்குள் அடுத்தது, பிறகு மருந்தைப் பொறுத்து ஆண்டுக்கு ஒன்று அல்லது மூன்று ஆண்டுக்கு ஒன்று. சான்றிதழின் படம் கைபேசியில் எப்போதும் இருக்கட்டும். கழுத்தில் தொலைபேசி எண் பொறித்த தகடு. மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்த 15 இலக்க எண் உங்கள் இப்போதைய தொலைபேசி எண்ணோடு பதிவாகியிருக்கிறதா பாருங்கள். எண் மாறிய பிறகு பதிவைத் திருத்தாத சிப்பால் ஒரு பயனும் இல்லை.


வாலாட்டி:

மூவருக்கும் நன்றி. சந்தேகங்கள் சில. லிஃப்டில் தினமும் போய்வர வேண்டியிருக்கிறது, அங்கே தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் 11 வயதுப் பிள்ளை கூட்டிப்போக ஆசைப்படுகிறது. அவிழ்த்துவிடவே கூடாது என்றால் ஓட வாய்ப்பே கிடைக்காதே, 10 மீட்டர் நீளக் கயிறு பரவாயில்லையா? எதிரே அவிழ்த்துவிட்ட நாய் நேராக வந்து மோதினால்?


கயிற்றுமுனை:

லிஃப்ட்: கதவு திறக்கும்போது கதவுக்கு நேரே நிற்காதீர்கள், 2 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளே ஆள் இருந்தால் அடுத்த லிஃப்ட். யாருமில்லை என்றால் பின் மூலைக்குப் போய், நாயை மூலையிலும் உங்களை அதற்கு முன்னாலும் வைத்து, இறங்கும்வரை தரையில் சிறு தீனித் துண்டுகள். நடுவில் யாராவது ஏற வந்தால் "நாய் இருக்கு, அடுத்ததில் வாங்க" என்று முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள். படிக்கட்டு முடியும் என்றால் அதுவே மேல்.

11 வயது: தனியாக வேண்டாம். 28 கிலோ நாய் அந்த வயதுப் பிள்ளையைவிடச் சற்றே எடை குறைவு, அவ்வளவுதான். லீஷைப் பிடிப்பவர் நாயை உடல் பலத்தால் நிறுத்த முடிய வேண்டும், அதோடு எதிரே வருவதைப் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்கவும் தெரிய வேண்டும். ஆசைக்கு இரண்டு லீஷ் போடுங்கள். உங்களுடையது நெஞ்சு வளையத்தில், பிள்ளையுடையது முதுகு வளையத்தில், தளர்வாக.

நீளக் கயிறு பற்றி: ஆளில்லாத திறந்த வெளியில் 10 மீட்டர் சரி. முதுகு வளையத்தில் மட்டும், காலரில் ஒருபோதும் கூடாது. ஓடி முடிகிற இடத்தில் கழுத்து முழு வேகத்தையும் வாங்கும். கையுறை போடுங்கள். கயிறு தரையில் ஊரட்டும், உங்கள் காலைச் சுற்ற விடாதீர்கள். பாதையில் ஆள் தெரிந்தால் உடனே கயிற்றைக் கைக்குள் சேர்த்து 2 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அது முடியாத இடத்தில் நீளக் கயிறும் அவிழ்த்துவிட்டதும் ஒன்றுதான். ஓடினால்தான் நாய்க்கு நிறைவு என்பதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. 20 நிமிடம் தன் போக்கில் முகர்ந்துகொண்டே நடப்பது பல நாய்களைப் பந்து விரட்டுவதைவிட நன்றாக அமைதிப்படுத்தும்.

அவிழ்த்துவிட்ட நாய் வந்தால்: உங்கள் நாயைப் பின்னால் கொண்டுபோய், அந்த நாயின் முகத்துக்கு நேராக ஒரு கைப்பிடித் தீனியை வீசுங்கள். பெரும்பாலான நாய்கள் தின்ன நிற்கும், உங்களுக்கு 5 நொடி கிடைக்கும். குடை இருந்தால் நடுவில் விரியுங்கள், அதற்கு முன்பே உங்கள் நாயை வீட்டில் குடைக்குப் பழக்கியிருக்க வேண்டும். சண்டை மூண்டால் காலரைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள், மனிதருக்குக் கடி விழுவது அந்த நொடியில்தான். தண்ணீர், உரத்த சத்தம், நடுவே பலகை. பல் இறங்கிப் பிடித்திருந்தால் இழுக்கக் கூடாது, சதை கிழியும். பிடி விட்ட கணத்தில் இரு உரிமையாளரும் ஒரே நேரத்தில் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் வளைவாக நடத்திக்கொண்டே விலக வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் அந்த நாய் தற்காத்துக்கொள்ள முடியாமல் அடிவாங்கும்.


இருநாய்வீடு:

பாய்ச்சலையே பேசிக்கொண்டிருக்கிறோம். தினமும் எல்லோரையும் பாதிப்பது கழிவு, அதை யாரும் தொடவில்லையே.

நாயின் மலத்தை உரம் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்ஸோகாரா என்ற உருண்டைப்புழுவின் முட்டை புதிய மலத்தில் இருக்கும்போது தொற்றாது. மண்ணில் கிடந்து இரண்டிலிருந்து நான்கு வாரத்தில்தான் தொற்றும் நிலைக்கு வரும், அப்புறம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மலம் மழையில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் அந்த இடம் ஆபத்தாகிறது, அங்கே மண்ணில் விளையாடுவது குழந்தைகள். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையும். கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தாங்கும், ஊசித் தொடர் முடியாத குட்டிகளுக்கு அது எமன். ஆகவே உடனே எடுப்பதும், உங்கள் நாய்க்கு மருத்துவர் சொன்ன இடைவெளியில் புழுநீக்க மருந்து கொடுப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஒரு நடைக்கு எத்தனை முறை போகும் என்று உங்களுக்கே தெரியும், அதைவிட இரண்டு பை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பையைக் கைமேல் உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டி, அள்ளி, திருப்பி, முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டி வரும்வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். முடிச்சுப் போட்ட பையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போவது எடுக்காமலே விடுவதைவிட மோசம். வெறும் மலமாவது மக்கும். மழைநீர்க் கால்வாயில் தள்ளுவதும் கூடாது. வீட்டு உரக்குழியின் சூடு புழு முட்டையைக் கொல்லப் போதாது, காய்கறிச் செடிக்கு அந்த உரம் வேண்டவே வேண்டாம்.

இளக்கமாகப் போனால் பையால் அள்ள முடியாது. நாய் குனியும்போதே பின்னால் பழைய செய்தித்தாளை நுழைத்துவிடுவது கைப்பழக்கத்தில் வந்துவிடும். தவறினால் உலர்ந்த மண்ணையோ மரத்தூளையோ தூவி ஒரு நிமிடம் விட்டு, அட்டைத் துண்டால் வழித்தெடுங்கள், மிச்சத்துக்குத் தண்ணீர். தளம் போட்ட பாதை என்றால் அரை லிட்டர் பாட்டில் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சிறுநீருக்கும் அதே பாட்டில்தான். வண்டிச் சக்கரம், கடை வாசல், கேட் தூண், குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டி, இந்த நான்கிலும் காலைத் தூக்க விடாதீர்கள். வீட்டிலிருந்து இறங்கியதும் ஒரே புல்தரைக்கு நேராகப் போய், மூன்று நிமிடம் அங்கேயே நில்லுங்கள், போனதும் தீனி. அது முடிந்த பிறகுதான் நடை. இந்த வரிசையை மாற்றி, போனதும் வீட்டுக்குத் திரும்பினால் நாய் புத்திசாலித்தனமாக அடக்கிவைத்துக்கொண்டு நடையை நீட்டப் பார்க்கும். லிஃப்டிலோ மாடிப்படியிலோ போய்விட்டால் அம்மோனியா கலந்த துடைப்பானைத் தொடாதீர்கள், அந்த வாடையே திரும்பவும் அங்கே போகச் சொல்லும். நொதி கலந்த துடைப்பானை ஊற்றி, போத்தலில் சொன்ன நேரம்வரை ஈரமாகவே விடுங்கள். பலர் ஊற்றிய கையோடு துடைத்துவிட்டு வேலைசெய்யவில்லை என்கிறார்கள்.


வாலாட்டி:

கூடை மஸிலுக்கு அளவெடுத்தாயிற்று, பட்டை லீஷும் இருமுனைக் கொக்கியும் சொல்லியிருக்கிறேன். தொடக்கத் தூரம் சைக்கிளுக்கு 30 மீட்டர் வருகிறது, நாய்க்கு இன்னும் அதிகம். இந்தத் தூரம் கிடைக்கும் பாதை பூங்காவுக்குள் இல்லை, அதனால் இப்போதைக்குப் பூங்காவை விட்டுவிட்டு, மாலையில் காலியாக இருக்கும் மைதானத்தின் வெளி ஓரத்தில் தொடங்குகிறேன். ஒன்று மட்டும்: ஹார்னஸில் கைப்பிடி வைத்தது, வைக்காதது என்று இரண்டு இருக்கிறது. எது?


கயிற்றுமுனை:

கைப்பிடி வைத்தது. ஆனால் முதுகோடு ஒட்டிப் படிந்திருக்கும் மாதிரி எடுங்கள். வளைந்து தூக்கி நிற்பது கிளையிலும் கம்பியிலும் மாட்டும். லிஃப்டிலும் சாலை கடக்கும்போதும் மட்டும் பிடியுங்கள். எந்நேரமும் பிடித்தால் காலர் இறுகுவது போலத்தான், பிடி விழுந்ததுமே எதையோ தேடிக் குரைக்க ஆரம்பிப்பான்.